அப்பா பூசாத சுவர்

அரசாங்கம் சும்மா காசு தராது என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதனால் வீட்டுத் திருத்த மானியம் வந்தபோது விண்ணப்பப் படிவத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். எங்கள் வீட்டில் அப்படி வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா தன் பெயரை எழுதக் கற்றதே என்னிடம்தான்.

பிரதேச செயலகக் கூட்டத்தில் எழுந்து, "ஏன் தாறீங்கள்?" என்று கேட்டேன். உத்தியோகத்தர் சிரித்தார்.

"தங்கச்சி, இது வீட்டுக்கு இல்ல, வேலைக்கு. நீங்க ஒரு சுவர் கட்டினா மேசனுக்குக் கூலி, ஹாட்வெயார் கடைக்கு வியாபாரம். காசு ஓடோணும்."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் பிடிபட்டது: குடும்பத்தவர் செய்யும் வேலைக்குக் கூலி கிடையாது.

அப்பா மேசன். துறைமுகப் பக்கம் கட்டட வேலைகள் நின்றதிலிருந்து வீட்டில்தான் இருந்தார். அம்மா சமைக்கும் குசினியின் பின்சுவர் கடல் உப்பில் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதை அவர் கட்டினால் ஒரு சதமும் இல்லை.

வழி கண்டுபிடித்தவளும் நான்தான். அப்பாவின் கூட்டாளியும் மேசன். இருபது வருடமாக இருவரும் ஒரே பலகையில் ஏறி நின்று வேலை செய்தவர்கள். அவருக்கும் மானியம் கிடைத்திருந்தது. அவர் எங்கள் குசினிச் சுவரைக் கட்டட்டும், அப்பா அவருடைய அறைச்சுவரைக் கட்டட்டும் என்றேன். சட்டத்தில் பிழையில்லை.

அன்றிலிருந்து சந்தேகம் தொடங்கியது. மேசன் எங்கே சீமெந்தைக் குறைப்பான் என்று மேசனுக்குத்தானே தெரியும். அப்பா கூட்டாளி வீட்டில் கலவையைக் கையாளிடம் விட்டுவிட்டு மணிக்கொரு தடவை சைக்கிளில் இங்கே வந்து நிற்பார்.

"மச்சான், மண் கூடிப் போச்சு போல?"

"உனக்கு வாய்தான் கூடிப் போச்சு. போய் என்ர சுவரைப் பார்."

"பிள்ளை, நீ படமெடு" என்பார் அப்பா.

ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் வேண்டும் என்று படிவம் கேட்டது. அது கேட்டதற்கும் மேலாக நான் எடுத்தேன்: சீமெந்துப் பை, மணல் வாளி, கூட்டாளியுடைய கை. எடுப்பதை அவர் பார்த்தார். ஒருநாள் எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனார்.

வேலை திருப்தி என்று வீட்டுக்காரர் கையெழுத்து வைத்தால்தான் மேசனுக்குக் கூலி. அதை வாசித்துக் காட்டியபோது, "மழை வரட்டும், பாப்பம்" என்றார் அப்பா. கூட்டாளியும் அதையே சொல்லியனுப்பினார். அதற்குள் இருவரும் கதைப்பதை நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் என் யோசனையால் வந்தது என்று அம்மா சட்டி பானைகளைச் சத்தமாகக் கழுவினா.

மாரி மூன்று நாள் விடாமல் பெய்தது. எங்கள் சுவரில் பொட்டு ஈரமில்லை. அப்பா உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்காத ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது. படிவங்களை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் கூட்டாளி வீட்டுக்குப் போனோம்.

அறைச்சுவரின் மூலையில் கதிரை அளவுக்கு ஈரம் பரவியிருந்தது. அப்பா கட்டிய சுவர்.

அப்பா அந்த ஈரத்தில் உள்ளங்கையை வைத்தார். கூட்டாளி சொன்னார்:

"உன்ர கையாள் குழைச்ச கலவை, மச்சான். நீ இஞ்ச நிண்டாத்தானே?"

பிறகு என்னிடம் பேனையை வாங்கி, திருப்தி என்ற இடத்தில் கையெழுத்து வைத்தார். சிநேகத்துக்காகவா, அப்பாவின் கையெழுத்து தனக்கும் வேண்டும் என்பதற்காகவா? எனக்கு இன்னும் தெரியாது. அப்பாவும் வைத்தார், எழுத்தெழுத்தாக, நேரமெடுத்து.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் காசில் வாங்கிய சீமெந்துப் பையைச் சைக்கிளில் கட்டினார். நானும் கூடப் போனேன். ஈரம் பிடித்த பூச்சை அவர் கொத்தி எடுக்க, கூட்டாளி கலவை குழைத்தார். பழக்கத்தில் போனை எடுத்தேன்.

"உள்ள வை, பிள்ளை" என்றார் அப்பா. "இதை ஒருத்தரும் கேக்கேல்ல."