ராகு காலமும் டோக்கியோ மணியும்

சப்பான்காரன் பினாங்கைப் பிடித்ததும் எங்கள் கடிகாரங்களையும் பிடித்துக்கொண்டான். டோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும் மணி என்று உத்தரவு. என் வீட்டுக்காரர் முக்காலியில் ஏறி, சுவர்க் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்.

"சூரியனுக்கும் சொல்லிட்டானுங்களா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. தமிழன் கண்ணில் பட்டால் போதும், லாரியில் ஏற்றிவிடுவார்களாம். கடலுக்கு அக்கரையில், பத்து காவான் என்ற ஊர்த் தோட்டத்தில் என் அண்ணன் இருந்தார். சம்பான் படகில் அங்கே போய் இவர் பதுங்கிக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை பையைத் தூக்கினார். நான் சுவரைப் பார்த்தேன். மணி பத்தரை.

"ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு. பன்னெண்டு வரைக்கும் உக்காருங்க."

"சம்பான்காரன் காத்திருக்க மாட்டான்லா."

"அவன் போனா இன்னொருத்தன். வாசப்படியத் தாண்டினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

என் வாய்க்குப் பயந்து உட்கார்ந்தார். மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தேன். பன்னிரண்டு அடித்ததும் நானே எதிரே நடந்து வந்து, சகுனம் கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். காலையில் போன சம்பான் பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டதாம். பன்னிரண்டுக்கு மேல்தான் படித்துறைக்கு லாரி வந்ததாம். இவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நல்ல நேரம் பாத்துத்தானே அக்கா அனுப்பினேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடிப் பாவி, சப்பான் மணியிலயா ராகு காலம் பாத்தே? அவன் பன்னெண்டு நம்ம பழைய பத்தரைடி. நல்ல நேரம் பூரா உக்கார வச்சிட்டு, ராகு காலம் பொறக்கறப்ப அனுப்பியிருக்கியே!"

அதற்குப் பிறகு நான் தனிதான். ஒருத்திக்கு என்ன சமைப்பது? பாதி நாள் அடுப்பே மூட்டவில்லை. என் வாய்க்குத் திட்டக்கூட ஆளில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஒருவர் என்னைத் தேடி வந்தார். இவரோடு ஒரே கொட்டகையில் இருந்தவர். காலராவில் இவர் போய்விட்டதைச் சொன்னார்.

"கடைசி வரைக்கும் அண்ணன் தைரியமாத்தான்க்கா இருந்தாரு. 'எம் பொஞ்சாதி நேரம் பாத்து அனுப்பியிருக்கா, எனக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு எங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருப்பாரு."

அது ராகு காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.