எங்கள் வீட்டு மண்டகப்படி

எங்கள் காலனியின் ஆயுத பூசை விளையாட்டுப் போட்டியில், ஒரே வருஷத்தில் எல்லா முதல் பரிசையும் தட்டிக்கொண்டு வந்தவள் நான்தான். லெமன் ஸ்பூன், சாக்கு ஓட்டம், மியூசிக்கல் சேர் எல்லாவற்றிலும் முதலிடம். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டம்ளரில் இன்றைக்கும் எங்கள் வீட்டில் காப்பி குடிக்கிறோம். எனக்கு அப்போது எட்டு வயது. ஓடியதும் நான் ஒருத்திதான் என்பது வேறு விஷயம்.

புதுக்கோட்டையை ஒட்டிய அந்தக் காலனியை அங்கே குடியிருந்த யாரும் ஊர் என்று சொல்லமாட்டார்கள். வாத்தியார், நர்ஸ், கணவர் சவுதியில் இருக்கும் அக்கா என்று ஒவ்வொருவருக்கும் ஊர் வேறெங்கோ இருந்தது. சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு விட்டால் போதும், பையும் பிள்ளையுமாக மெயின்ரோட்டுக்குப் போய் நிற்பார்கள். கீரனூர் பஸ், அறந்தாங்கி பஸ், பொன்னமராவதி பஸ் என்று வரிசையாக வந்து காலனியை அள்ளிக்கொண்டு போகும். போகிறவர்கள் வீட்டுச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், ஏனென்றால் நாங்கள் எங்கேயும் போகமாட்டோம். நமக்கு எந்த ஊர் என்று கேட்டால் அப்பா, "இந்த ஊருதான்" என்பார். எல்லா வீட்டுச் சாவியும் நம் வீட்டு ஆணியில் தொங்குவதால் அப்படிச் சொல்கிறார் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அந்தக் காலித் தெரு பிடிக்காது. பண்டிகை நாளில் வடை சுட்டு வைத்துக்கொண்டு, கொடுக்க ஆளில்லாமல் வாசலில் நிற்பாள். அதனால் ஒரு வருஷம் ஆடி முடிந்ததும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, புரட்டாசி ஐப்பசியில் காலனிக்கென்று நிகழ்ச்சிகள் வைத்தே ஆகவேண்டும் என்று பேசிவிட்டாள். சங்கச் செயலாளர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மைக்கைக் கண்டால் விடமாட்டார். அம்மா அவரை அண்ணன் என்று கூப்பிடுவாள், அந்த வகையில் எனக்கு மாமா. ஆயுத பூசையன்று விழா என்று வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்ட அழைப்புக்கு எல்லா வீட்டிலிருந்தும் கட்டைவிரல் உயர்ந்தது.

விழாவன்று காலையில் அதே விரல்கள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டின. "நல்லா நடத்துங்க, நாங்க ஊருக்குப் போயிட்டு வாரோம்" என்று ஒவ்வொருவராகச் சாவியை நீட்டினார்கள். நல்ல காரியம் என்று விரலைக் காட்டினார்களே தவிர, வருகிறோம் என்று யாரும் சொல்லவில்லையே! சாமியானா போட்டாயிற்று, நாற்காலிகளும் வந்துவிட்டன. மாமா மைக்கைப் பிடித்து, "அன்பார்ந்த காலனி மக்களே" என்று பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்துப் பேசினார். நான் ஓடினேன், ஜெயித்தேன். அம்மா மட்டும் கைதட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கிவிட்டு வந்த அம்மா, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு அத்தை ஒரு பை நிலக்கடலையோடு சாவி வாங்க வந்தார்.

"கோவிச்சுக்காதத்தா. விஜயதசமியன்னைக்கு ஊர்ல எங்க மண்டகப்படி. நான் போகாம இருந்தா ஒரு சொல்லு வந்துரும்ல?"

கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் பொறுப்பேற்று நடத்துவதைத்தான் மண்டகப்படி என்பார்கள். மழையோ காய்ச்சலோ, தன் மண்டகப்படிக்கு வராத ஆளை எங்கள் பக்கத்தில் பார்க்க முடியாது. அம்மா அந்தக் கடலையை உரித்துக்கொண்டே வெகுநேரம் யோசனையில் இருந்தாள்.

அடுத்த வருஷம் அவள் வாட்ஸ்அப்பை நம்பவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் படியேறினாள். காலனிப் பிள்ளையார் கோயிலில் நவராத்திரி ஒன்பது நாளும் விழா. தெருவுக்கு ஒரு நாள் மண்டகப்படி, கடைசி நாள் மட்டும் எங்கள் வீட்டுக்கு. சொந்த ஊரில் முறை இருப்பவர்களைக் கேட்டு, அவர்களுக்கு இடிக்காத நாளாகப் பார்த்துக் கொடுத்தாள். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை.

"காலனில எதுக்கும்மா மண்டகப்படி? இதென்ன ஊரா?"

"மண்டகப்படி இருந்தா ஊருதானங்கண்ணே" என்றாள் அம்மா.

முதல் தெரு சுண்டல் கொடுத்தது. இரண்டாவது தெரு சும்மா இருக்குமா? சுண்டலோடு சர்க்கரைப் பொங்கலும் சேர்ந்தது. மூன்றாம் நாள் கும்மி. நான்காம் நாள் மழை கொட்டியது, ஒருவரும் அசையவில்லை. நனைந்தால் நனையட்டும், அடுத்த தெருக்காரன் நாக்கில் பல்லுப் போட்டுப் பேசிவிடக் கூடாது அல்லவா! இது போதாதென்று தங்கள் மண்டகப்படியைப் பார்க்க வரச்சொல்லி ஊரிலிருந்து சொந்தபந்தங்களை வேறு கூப்பிட்டுவிட்டார்கள். குட்டியானை வண்டிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வருஷா வருஷம் காலனியை அள்ளிக்கொண்டு போன அதே பஸ்கள், ஊர்களை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கொட்டின. ஆணியில் ஒரு சாவி கூட இல்லை. அம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு ராணி மாதிரி நடந்தாள். பொன்னமராவதி பஸ் வந்து நிற்கும்போது மட்டும் கரண்டியை அப்படியே பிடித்தபடி, இறங்குகிறவர்களைப் பார்ப்பாள். சாப்பாட்டுக்கு இலை போதுமா என்று பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள், வண்டியில் வந்த ஒரு பெரியம்மா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "ஒங்க பொறந்த வீட்டுலேருந்து யாரும் வரலையாத்தா?" என்று அம்மாவிடம் கேட்டார். "இல்லங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்புப் பக்கம் போய்விட்டாள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அத்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டு மண்டகப்படி. சாயங்காலம் பூசைச் சாமான்களை எடுக்க நாங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் காலனிப் பெண்கள் எல்லாரும் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொரு கையிலும் தாம்பாளம். தேங்காய், வாழைப்பழம், மல்லிகைப்பூ, முறுக்கு. எல்லாருக்கும் முன்னால் செயலாளர் மாமா, தலையில் துண்டைச் சும்மாடு கட்டி, அதன்மேல் அரக்குச் சேலை வைத்த தட்டைச் சுமந்துகொண்டு வந்தார். கையில் மைக் இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பொறந்த வீட்டுச் சீரும்மா. அண்ணன் கொண்டாந்திருக்கேன், வாங்கிக்க."

போன வருஷம் காலி நாற்காலிகளுக்கு நடுவில் கூடக் கண் கலங்காத அம்மா, தட்டை வாங்கக் கை நீட்டியவள், அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா உள்ளே போய்விட்டார். எதிர்வீட்டு அத்தை குலவை போட்டதும் தெருவே குலவை போட்டது. அந்த நேரத்தில் மெயின்ரோட்டில் பொன்னமராவதி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா பிறந்த வீடு அந்த பஸ் போய் நிற்கும் ஊரில்தான் இருந்தது என்பதும், அப்பாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டுக் கதவு அவளுக்குச் சாத்தியே இருந்தது என்பதும் எனக்குத் தெரியவர இன்னும் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு நானும் அவள் பக்கத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். கூட்டம் அதிகமாகிவிட்டதால் அன்று காலை நடந்த லெமன் ஸ்பூனில் நான் கடைசியாக வந்திருந்தேன். அம்மாவும் அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "அடுத்த வருஷம் ஜெயிச்சுருவேம்மா" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.