காலை நீச்சல்காரி

என் கையெழுத்து கோணல், எழுத்துப்பிழையும் நிறைய வரும். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மகள் எங்கள் கெடா மாநிலத்துக்காகத் தொடர் நீச்சலில் நீந்தினாள். ஒரு அணிக்கு நாலு பெண்கள், ஒருத்தி சுவரைத் தொட்டதும் அடுத்தவள் குதிக்க வேண்டும். காலையில் தகுதிச் சுற்று, மாலையில் இறுதிச் சுற்று. வேகமானவர்கள் களைக்கக் கூடாதென்று காலையில் என் மகளை இறக்குவார்கள். மாலையில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்குப் பால்மரம் வெட்டும் வேலை, ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. காலையில்தான் பால் இறங்கும். தோட்டம் இருக்கும் பாலிங்கிலிருந்து போட்டி நடக்கும் அலோர் ஸ்டார் போய்ச் சேர்வதற்குள் அவள் தலைமுடி காய்ந்திருக்கும்.

கைப்பேசியில் ஒரு ஜெர்மன் நீச்சல்காரியைக் காட்டுவாள்.

"இவங்களும் காலை ஆளுதான்பா. டீம் ஜெயிச்சா இவங்களுக்கும் மெடல் உண்டு லா."

அந்த வீடியோவில் மெடலோடு மேடையில் நாலு பேர் நின்றார்கள். அந்த ஜெர்மன்காரி கூட்டத்தில் நின்று கைதட்டினாள். மகள் பெருமையாகத்தான் சொன்னாள். நான் கூட்டத்தில் நின்றவளையே பார்த்தேன். சில வருடங்களில் அந்தப் பெண் நீச்சலை விட்டுவிட்டாள் என்று செய்தி வந்தது. அன்று மகள் சாப்பிடவில்லை.

கடைசிப் போட்டிக்கு முன், காலையில் நன்றாக நீந்தினால் மாலையிலும் அவள்தான் என்று பயிற்றுநர் சொல்லியிருந்தார். காலையில் அவள் இதுவரை நீந்தாத வேகத்தில் நீந்தியதாகப் போன் வந்தது. வேலை முடிந்ததும் தோட்டத்து ஆட்கள் வேன் பிடித்தார்கள். அவளுக்குப் போடப் பூமாலை வாங்கினார்கள்.

"அண்ணே, இன்னிக்காவது முன்னால வந்து உக்காருங்க. பொண்ணு பாக்க வந்தவங்களக் கண்ட பொண்ணு மாதிரி ஒளியாதீங்க!" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

முன்வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் அணியின் நாலு பெண்கள் வந்து நின்றார்கள். என் மகள் இல்லை; பயிற்றுநர் வழக்கமான நாலு பேரையே இறக்கியிருந்தார். எதிர்ப்பக்கம் பெஞ்சில், தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். வேனில் திரும்பும்போது பூமாலையை யார் எங்கே வைத்தார்கள் என்று தெரியாது.

அதற்குப் பிறகு அவள் நீச்சல் குளத்துக்குப் போகவில்லை. இப்போது சுங்கைப்பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்திலும் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். காலையில் எனக்கு வேலையே இல்லை.

போன மாதம் கேட்டேன், "ஒரே ஒரு தடவ நீந்திக் காட்டுறியாம்மா?"

"வேணாம்பா. ஒடம்பு மறந்துபோச்சு," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

என் மகள் நீந்தி நான் பார்த்ததே இல்லை.

தைப்பூசத்துக்கு மறுநாள், 26 ஜனவரி 2024.