ஃபேனுக்குக் கீழே தோணிப் பாய்

இன்னைக்கு எங்க வீட்டு ஃபேனுக்குக் கீழே தோணிப் பாய் கட்டியாச்சு!

(சிரிக்காதீங்க. முழுசா படிங்க.)

பாப்பா பொறந்து பன்னெண்டு நாள் ஆகுது. ஃபேனைப் போட்டா புயல், பிள்ளை மூச்சு முட்டி வீறிடுது. நிப்பாட்டினா புழுக்கம், உடம்பெல்லாம் வேர்க்குரு.

ஏலத்துல எடுத்த பழைய ஃபேன். ரெகுலேட்டர் கருகிப்போச்சு. யுத்தத்தால புதுசு எங்கயும் கிடைக்கல. ஆக, ஒரே ஸ்பீடு!

எங்க வீட்டுக்காரர் கொழும்புக்குப் போற தோணியில தண்டல். தோணியையே ஓட்டுற மனுஷன் ஃபேனுக்கு அசருவாரா?

"ஏளா, காத்து கூடுனா பாயைத்தான் சரிபண்ணணும். அம்புட்டுதான்!"

ஃபேனுக்கும் தொட்டிலுக்கும் நடுவுல பழைய பாய்த்துணியைக் கட்டி, கயிறைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. காத்து பலமா பட்டா இழுத்து மறைப்பாரு. பிள்ளைக்கு வேர்த்தா கொஞ்சம் விலக்குவாரு. சாப்பிடக்கூட எந்திரிக்கல. (நாந்தான் ஊட்டிவிட்டேன். தோணிக்காரங்ககிட்ட சொல்லிராதீங்க!)

பிள்ளை நல்லாத் தூங்குச்சு. நாந்தான் கேட்டேன்.

"நாளைக்குத் தோணி கிளம்புதுல்லா? அப்புறம் கயிறை யாரு பிடிப்பா?"

அவரு கயிறை இன்னும் இறுக்கிப் பிடிச்சாரு.

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட வயர்மேனைக் கூட்டியாரச் சொன்னேன். வந்தவரு பாயைப் பாத்துட்டு வாசல்லயே நின்னுட்டாரு!

"தண்டல் அண்ணாச்சி, கடல்லதான் காத்தைக் குறைக்க முடியாது. இங்கன முடியும்லா!"

ஃபேனுக்குக் கரண்ட் போற வழியில ஒரு பல்பை மாட்டினாரு. சுவிட்சைப் போட்டா பல்பு மங்கலா எரியுது, ஃபேன் மெதுவா சுத்துது!

"பெரிய பல்பு போட்டா வேகம் கூடும், சின்னது போட்டா குறையும். கைவசம் ரெண்டு வச்சுக்கோங்க."

(குண்டு போடுற பிளேனுக்கு வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு ராத்திரி இருட்டடிப்பு இருக்குல்லா, அதுக்கு ஜன்னல்ல கறுப்புத் துணி கட்டியாச்சு. தெருவுல வெளிச்சம் தெரியுதான்னு பாக்க வர்ற வார்டன் அண்ணாச்சி, சண்டைக்கு வந்துராதீங்க!)

பாயைக் கழட்டியாச்சு. பாப்பா அசையாம தூங்குது.

அவரைத் திரும்பிப் பாத்தேன். கயிறு இல்ல, ஆனா விரல் மட்டும் இன்னும் பிடிச்ச மாதிரியே மடங்கி இருக்கு. எனக்கு அழுகை வந்துருச்சு.

வயர்மேன் அண்ணாச்சிக்கு ரொம்ப நன்றி.

நாளைக்கு நடுக்கடல்ல அவரு மேல அடிக்கப்போற காத்துக்கும் இப்படி ஒரு பல்பு மாட்ட முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்!