கோல்ஃப் கிரவுண்டு அருகம்புல்

எங்கள் வீடு இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் பெரிய பெரிய ஆபீசர்கள் தொப்பி போட்டுக்கொண்டு பந்து அடித்தார்கள் என்று சொன்னால் என் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். "கும்மிடிப்பூண்டியில கோல்ஃபா? யாரு காதுல பூ சுத்தற?" என்பார்கள். நான் என்ன பொய்யா சொல்கிறேன்? சிப்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி இருந்தது. அதன் ஆபீசர்கள் விளையாடுவதற்காகப் புதரை வெட்டி, மேடு பள்ளம் வைத்து, புல் வளர்த்து அந்த மைதானத்தை உண்டாக்கினார்கள். கம்பெனியை இழுத்து மூடிய பிறகு பந்து அடிக்க ஆள் இல்லை. பல வருஷம் ஆடுதான் மேய்ந்தது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷத்தில் ஒருத்தர் அதை வாங்கி, கல் நட்டு, மனை போட்டு விற்றார். அதில் ஒரு மனை எங்களுடையது.

வீட்டுக்குக் கடக்கால் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெள்ளைப் பந்து வரும். முதல் பந்தைப் பார்த்ததும் எங்கள் மேஸ்திரி ஏதோ நல்ல சகுனம் என்று மஞ்சள் தடவிக் கற்பூரம் ஏற்றிவிட்டார். பக்கத்து மனைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பழவேற்காட்டு பாய் வீட்டுப் பெண் அவள். வீட்டுக்காரருக்கு பஜாரில் துணிக்கடை. "அக்கா, யாரோ அடிச்சித் தொலைச்ச பந்துக்கு இன்னா மரியாதை பாரு!" என்றாள். அன்றைக்கே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது. அந்தப் பந்து இன்றைக்கும் என் சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது.

மனை போட்டவர் நடுவில் ஒரு பெரிய துண்டை விட்டு வைத்திருந்தார். லேஅவுட் என்றால் பொதுவுக்கு இடம் விட்டே ஆக வேண்டும். வரைபடத்தில் அதற்குப் பச்சை அடித்து 'பூங்கா' என்று எழுதியிருந்தது. ஆனால் ஒன்றிய ஆபீசிலிருந்து வந்து பார்த்து ஏற்றுக்கொள்ளும் வரைக்கும் அது தாளில் அடித்த வெறும் பச்சை மை மட்டும்தான். அந்த இடத்தில் மட்டும் பழைய புல் அப்படியே இருந்தது. ஆபீசர்கள் எங்கிருந்தோ கொண்டுவந்த சீமைப் புல் என்று நான் நினைத்திருந்தேன். குனிந்து பார்த்தால் நம்ம அருகம்புல்! எனக்கு ஒரே சந்தோஷம்.

குடி வந்த வருஷமே என் வீட்டுக்காரருக்குக் கால் போனது. கம்பி மில்லில் வேலை. கம்பிக் கட்டு சரிந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை நொறுக்கிவிட்டது. காலுக்குள் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். பார்க்க வந்த மில் ஆட்கள், "செக்யூரிட்டிக்குத் தெரியாம மில்லு கம்பிய வெளிய எடுத்துக்கினு வந்தவன் நீ ஒருத்தன்தான்" என்று கிண்டல் பண்ணினார்கள். அவரும் சிரித்தார். அவர்கள் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திருவள்ளூர் பெரியாஸ்பத்திரி டாக்டர், "நடந்தாதான் கால் உங்களுது. மெத்துன்னு இருக்கற தரையில, வெறுங்காலோட நடங்க. இப்ப விட்டா அப்புறம் மடங்காது" என்றார். எங்கள் தெருவில் எங்கே மெத்து? ஜல்லி கொட்டியதோடு சரி, தார் வரவே இல்லை. அந்தப் புல் ஒன்றுதான் கதி. விடிந்தும் விடியாமலும், யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால், தடியை ஊன்றிக்கொண்டு போவார். விழுந்தால்கூட அடிபடாது. எழுந்து, லுங்கியைத் தட்டிவிட்டு, திரும்ப நடப்பார். தடி இல்லாமல் நிற்க மாட்டார். ஒரு கை எப்போதும் தடிக்குத்தான். வாசலில் பால் பாக்கெட்டை வாங்கினால் செய்தித்தாளை வாங்கக் கை இருக்காது. ஆனாலும் நாளுக்கு நாள் தேறி வந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பார்த்தேன் என்று சொன்னதில்லை.

ஆடி மாசம் ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டு பெரியபாளையம் சுற்றிப் போகிற பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தால், ஐயையோ, எங்கள் புல்லைக் காணோம்!

நடந்தது இதுதான். மறுநாள் ஒன்றிய ஆபீசிலிருந்து ஒரு அம்மா பூங்காவைப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்திருக்கிறது. எங்கள் லேஅவுட்டில் பாதிப் பேர் நெல்லு போடுகிற ஊர்க்காரர்கள். அவர்களுக்குச் சுத்தம் என்றால் களத்துமேட்டுச் சுத்தம். பெரிய மனுஷர் வருகிறார் என்றால் புல் பூண்டு இல்லாமல் செதுக்கிச் சாணி தெளிக்க வேண்டும். ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்து, மொத்தப் புல்லையும் சுரண்டி மூலையில் குவித்து, சாணி தெளித்து, நடுவில் தேர்க் கோலம் போட்டு, 'நல்வரவு' என்றும் எழுதி வைத்திருந்தார்கள். பழவேற்காட்டுக்காரி தன் பங்குக்குக் கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வரிசையாகப் போட்டிருந்தாள். "எப்பிடி இருக்குது அக்கா? பளிச்சுன்னு இல்ல?" என்று கேட்டாள்.

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்கு வந்தது பாருங்கள்! "பளிச்சுன்னுதான் இருக்குது, மொட்டை அடிச்ச தலையாட்டம்! பூங்கா பாக்க வர்றவங்களுக்கு யாராவது பூங்காவ சொரண்டிட்டு கோலம் போடுவாங்களா? அறிவு கீதா உங்களுக்கெல்லாம்?" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் தடியை ஊன்றியபடி அந்தச் சாணித் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அந்த அம்மா வந்தார். "பசுமைப் பகுதின்னு போட்டிருக்கு, பசுமை எங்க?" என்று கேட்டார். மனை போட்டவரின் மேனேஜருக்கு இதுதான் சமயம். "மேடம், இது கட்டாந்தரை, ஒண்ணும் முளைக்காது. பின்னாடி கால்வாய் ஓரமா வேற இடம் தர்றோம். இத மனையா மாத்திக்கறோம்" என்றான். கால்வாய் ஓரம் முள்ளும் சேறும்தான். அங்கே நல்ல கால் உள்ளவனே நடக்க மாட்டான்.

நான் மூலையில் கிடந்த குவியலிலிருந்து ஒரு கொத்தை உருவிக்கொண்டு போனேன். "மேடம், நேத்து காலைல வரைக்கும் இங்க புல்லுதான். உங்களுக்கு மரியாதை பண்றதா நெனச்சி எங்க ஆளுங்களே செதுக்கிட்டாங்க. பாருங்க, வேரு உள்ளதான் கீது" என்றேன். அந்த அம்மா கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, ஆவணியில திரும்ப வர்றேன். முளைச்சிருந்தா பூங்கா. இல்லன்னா அவங்க சொல்றதத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விடியற்காலையில் என் வீட்டுக்காரர் வழக்கம்போல் அங்கே போனார். தடி வழுக்கி விழுந்தார். கட்டாந்தரை, முழங்கை தேய்ந்து ரத்தம். பால்காரர்தான் தூக்கிவிட்டுக் கூட்டி வந்தார். பால்காரர் பார்த்துவிட்டார் என்பதுதான் இவருக்குப் பெரிய அடி. ஸ்டூலில் உட்கார்ந்தபடி தடியைப் பரண் மேல் வீசினார். "போதும்மே. இனிமே நடக்க மாட்டேன். கேக்காத" என்றார். டீவிக்கு முன்னால் உட்கார்ந்தவர்தான். பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார், வருவார். கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் சோறு போடாமல்கூடப் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை. கால் மடங்காமலே போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

புல்லையாவது எழுப்புவோம் என்று கிளம்பினேன். செதுக்கின கையெல்லாம் தண்ணீர் ஊற்ற வந்தது. அரிசி களைந்த தண்ணீர் வரைக்கும் கொண்டுவந்து கொட்டினார்கள். பழவேற்காட்டுக்காரி தன் வீட்டு போர் பம்பிலிருந்து டியூப் போட்டுத் தண்ணீர் இழுத்தாள். "நாற்காலி போட்ட பாவத்துக்கு நானே ஊத்தறேன் அக்கா, நீ கத்தாத" என்பாள். ஆடு வராமல் முள் வெட்டி அடைத்தோம். முதலில் ஒன்றும் காணோம். அப்புறம் ஆடிக் கடைசியில் இடியும் மின்னலுமாக மழை பிடித்தது. மழை விட்ட சில நாளில் சாணி வெடிப்புக்குள்ளிருந்து ஊசி ஊசியாகப் பச்சை. 'நல்வரவு' இருந்த இடத்தில்தான் முதலில் முளைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆவணியில் அந்த அம்மா சொன்னபடி வந்தார். கணுக்கால் வரைக்கும் புல். செருப்பைக் கழற்றி விட்டுக் கொஞ்ச தூரம் நடந்தார். "நல்லாத்தான் இருக்கு. பூங்கான்னே எழுதிடறேன்" என்றார். மேனேஜர் போனில் யாருக்கோ பேசுவதுபோல் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். நாங்கள் போட்ட சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஓடிவந்து இவரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். டீவியை விட்டுத் திரும்பவில்லை.

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கொழுக்கட்டை மாவில் கை வைத்த பிறகுதான் அருகம்புல் பறிக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "ஏங்க, என் கையெல்லாம் மாவு. நீங்க போயி ஒரு புடி புல்லு பறிச்சிக்கினு வாங்க. பிள்ளையாருக்குக்கூட எழுந்து போக மாட்டீங்களா?" என்று கத்தினேன். நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. வீம்புக்குத்தான் கத்தினேன், போவார் என்று நினைக்கவே இல்லை. தடி பரண் மேலேயே இருந்தது. அதை எடுத்துக் கொடுக்கவும் அவர் கேட்கவில்லை.

ரொம்ப நேரம் ஆளைக் காணோம். விழுந்துவிட்டாரோ என்று மாவுக் கையோடு வாசலுக்கு ஓடினேன். தூரத்தில் புல்லுக்கு நடுவே வந்துகொண்டிருந்தார். மெதுவாகத்தான். மழை ஈரத்தில் லுங்கி ஓரம் நனைந்திருந்தது. ஜல்லி ரோட்டில் ஏறும்போது மட்டும் நின்று மூச்சு வாங்கினார். நான் போய்ப் பிடிக்கவில்லை. கேட்டைத் திறந்து வைத்துவிட்டு நின்றேன்.

ஒரு பிடி போதும் என்றுதான் சொல்லியிருந்தேன். மனுஷன் வாசலில் வந்து நிற்கிறார், இரண்டு கை நிறையப் புல்.

"ஒரு பிள்ளையாருக்கு எதுக்குங்க இவ்ளோ?" என்று கேட்டேன். மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்தேன்.

"இருக்கட்டும்மே," என்றார். "தெருவுக்கே குடு."