அன்ரிக்காகக் காத்திருந்த பாட்டு

என் தம்பி சேந்தன் கனடாவின் அஜக்ஸ் நகரில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன். சொந்தமாக மெட்டும் போடுவான். அவனுடைய முதல் பாட்டு மறுநாள் எங்கள் தங்கையின் கல்யாண மண்டபத்தில் ஒலிக்க வேண்டும். அதைப் பதிவுசெய்ய நாலு பேர் நாலு வீட்டிலிருந்து இணையத்தில் சேர்ந்து வாசித்தார்கள்.

ஒருவர் வாசிக்கும் சத்தம் மற்றவருக்குப் பிந்தித்தான் வந்தது. வயலின் வாசிக்கும் மங்களேஸ்வரி அன்ரி மூத்தவர் என்று எல்லாரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். அன்ரி மற்றவர்களின் தாளத்துக்காகக் காத்திருந்தார். நாலு நிமிடப் பாட்டு ஏழு நிமிடம் பதினொரு செக்கன் இழுத்தது. மணிக்கூட்டைப் பார்த்து எழுதியவள் நான்.

"அன்ரி, எங்கட சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு வாசியுங்கோ. நாங்கள் பின்னால வாறம்," என்றான் தம்பி.

"எனக்கு நீ தாளம் படிப்பிக்கிறியோ?"

கோபத்தோடு எங்கள் சத்தத்தை நிறுத்திவிட்டு வாசித்தார். பாட்டு சரியாக நாலு நிமிடத்தில் முடிந்தது. "போதும் அன்ரி, நல்லாயிருக்கு," என்று மூன்று தடவை சொன்னேன். எங்கள் சத்தம் கேட்காத அன்ரி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.