மதிலின் ஒரு சில்லு

பதினாறு வயதில் அகதியாகப் பெர்லின் மதிலைக் கடந்தபோது, எனக்கு உண்ணத் தந்த ஒரு பெண்ணைத் தெரியாது என்று சொன்னேன்.

சென்ற வாரம், நான் இப்போது குடியிருக்கும் ரொம்மனில், என் பேத்தி பள்ளிச் சுற்றுலாவிலிருந்து அந்த மதிலின் சில்லொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உடனே கிழக்குப் பக்க ரயில் நிலையத்தின் நிலக்கரிப் புகையும், ஓடு பதித்த சுவர்களும், கொழும்பிலிருந்து ஒரே விமானத்தில் வந்த செல்வமக்கா வரிசையில் நின்றபடி எள்ளுருண்டையைப் பிட்டுப் பாதியை எனக்குத் தந்த விரல்களும் ஒன்றாக எழுந்து வந்தன. "தம்பி, எனக்காகவும் நீ கதை" என்று கேட்டிருந்தார்; அவருக்கு ஆங்கிலம் வராது. அதிகாரி அவரைக் காட்டி, உன்னோடு வந்தவரா என்றான். என்னையும் நிறுத்திவிடுவான் என்று பயந்து "நோ" என்றேன். அவரைத் தடுத்துவிட்டு என்னை விட்டான். ரயில் மதிலைத் தாண்டுகையில் மதிலோரக் காவல் மணல்வெளியில் மேய்ந்த முயல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மூன்று நாள் அந்த நிலையத்து வாங்குப் பலகையில் இருந்து, சைகையாலேயே வாதாடித் தனியாக மேற்கே வந்தாராம். பின்னாளில் இங்கே குறொன்லாண்ட் பகுதித் தமிழ்க் கடையொன்றில் கேள்விப்பட்டேன். அந்தத் துணிவில் கால்வாசியும் எனக்கில்லை.

நேற்று அவர் வசிக்கும் பக்கத்து நகரான திராமனுக்குப் போய், கல்லை முன்னே வைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"இந்தத் துண்டுக்கோ அவ்வளவு பயந்தனாங்கள்?" என்று திருப்பிப் பார்த்தார். "நீ சொன்னது எனக்கு அண்டைக்கே விளங்கினது, தம்பி. எனக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீசு அதுதான்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. உள்ளே போய் எள்ளுருண்டை கொண்டுவந்து, பிட்டு, பாதியை என்னிடம் நீட்டினார்.